பிரிக்க வேண்டாம் சிஸ்டர், பக்கத்தில் இருக்கட்டும்

குடலிறக்க ஆபரேஷன் ஒன்று முடிந்திருக்கிறது. மாப் (இரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி), ஊசி, கருவி எல்லாம் எண்ணிச் சரிபார்த்தாயிற்று. நோயாளியை ரெக்கவரி அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தரையைத் துடைக்க ஆயாம்மா வாளியோடு வாசலில் நிற்கிறார். நான் டிராலியைக் காலி செய்கிறேன். அதில் மிச்சம் இருப்பவை: ஐந்து மாப் கொண்ட கட்டு ஒன்று, கட்டிய நூல்கூட அவிழவில்லை. ஏழரை சைஸ் கையுறை ஒரு ஜோடி. பத்து மில்லி சிரிஞ்ச் இரண்டு. பளபளக்கும் ஃபாயில் உறைக்குள் அப்படியே இருக்கும் தையல் நூல் இரண்டு. எதிலும் ஒரு பொட்டு இரத்தம் கிடையாது. எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைப் பையில் போடுகிறேன்.

தியேட்டர் நர்ஸுகளுக்கு இது தினமும் நடப்பது. பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் சொந்தக்காரர்கள்தான் கேட்பார்கள்: "யூஸ் பண்ணலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் சிஸ்டர் தூக்கிப் போட்டீங்க?" நியாயமான கேள்வி. அங்கே நின்று பதில் சொல்ல நேரம் இருக்காது. அதனால் இங்கே சொல்கிறேன்.

உறை பிரிந்தால் என்ன ஆகிறது?

ஒரு தையல் நூல் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு உறை. வெளி உறையை யார் வேண்டுமானாலும் தொடலாம். அலமாரி, அட்டைப்பெட்டி, தள்ளுவண்டி என்று சுற்றி வந்தது அது. உள்ளே இருக்கும் ஃபாயில் உறை கிருமி நீக்கப்பட்டது. ஸ்டெரைல் என்போம். தியேட்டரில் நர்ஸுகள் இரண்டு பேர் இருப்போம். கை கழுவி, கவுனும் கையுறையும் போட்டு டாக்டர் பக்கத்தில் நிற்பவர் ஸ்க்ரப் நர்ஸ். நடமாடி வேண்டியதை எடுத்துத் தருபவர் சர்குலேட்டிங் நர்ஸ். இந்த இரண்டாமவர் வெளி உறையின் இரண்டு காதுகளையும் பிடித்து, வாழைப்பழத்தை உரிக்கிற மாதிரி விலக்குவார். உள் உறையை அவர் கை படாமல் ஸ்க்ரப் நர்ஸ் இடுக்கியால் வாங்கிக்கொள்வார். இரண்டு வினாடி வேலை.

அதற்கு அப்புறம் அந்த நூல் அலமாரிக்குத் திரும்பிப் போக வழி இல்லை. ஃபாயில் உறை இப்போது தியேட்டர் காற்றில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் அதன் மேலே கைகள் போய் வரும், இரத்தம் பட்ட கருவிகள் அதை ஒட்டிக் கிடக்கும். உள்ளே நூல் அநேகமாகச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் 'அநேகமாக' என்ற சொல்லை நம்பி அடுத்தவர் வயிற்றைத் தைக்க முடியாது. நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் மறுபடி போட்டு எடுக்கலாமே என்று கேட்பார்கள். கரையும் நூல் சூட்டிலும் ஈரத்திலும் பலம் இழந்துவிடும். உடம்புக்குள் அது கரைவதே ஈரத்தால்தானே. தயாரித்தவரும் ஒரே ஒரு முறைக்குத்தான் பொறுப்பேற்கிறார்.

மாப், கையுறை, சிரிஞ்ச் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கடைசியில் குப்பைப் பையில் விழும்போதுதான் நம் கண்ணில் படுகிறது. ஆனால் அந்தப் பொருள் வீணாகிப்போனது முதல் கீறல் விழுவதற்கும் முன்னால், உறை பிரிந்தபோதே. வீணாவதைக் குறைக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில்தான் கை வைக்க வேண்டும்.

உட்கார்ந்து எண்ணியவர்கள்

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2015இல் இதைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தார்கள். மூளை, முதுகுத்தண்டு ஆபரேஷன்கள் மொத்தம் 58. ஒவ்வொன்றிலும் பிரித்துவிட்டுப் பயன்படுத்தாமல் போனவற்றைக் குறித்து விலை போட்டார்கள். சராசரியாக ஒரு ஆபரேஷனுக்கு 653 டாலர் வந்தது. சாமான்களுக்கு ஆன மொத்தச் செலவில் அது 13.1 சதவீதம். ஒரு ஆபரேஷனில் 89 டாலரோடு நின்றது, ஒன்றில் 3,640 டாலர் வரைக்கும் போனது. அந்த ஒரு துறையில் மட்டும் வருடத்துக்கு 29 லட்சம் டாலர் இப்படிப் போகலாம் என்று கணக்கிட்டார்கள். முடிவுகள் 2017இல் வெளிவந்தன.

பணத்தைவிட என்னை யோசிக்க வைத்தது அந்த ஆய்வில் இருந்த வேறு ஒரு விஷயம். ஆபரேஷன் நீளமானதா குறுகியதா என்பதற்கும் வீணாகும் அளவுக்கும் தொடர்பில்லை. டாக்டருக்கு எத்தனை வருட அனுபவம் என்பதற்கும் இல்லை. ஆனால் ஆபரேஷனின் வகையையும் எந்த டாக்டர் என்பதையும் பொறுத்து அளவு மாறியது. அதாவது, கைப்பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழக்கம் என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

ஏன் முன்கூட்டியே பிரித்து வைக்கிறோம்?

முதல் காரணம் பயம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு ஆபரேஷனில் திடீரென்று ஒரு இரத்தக்குழாயில் கசிவு. டாக்டர் மெல்லிய நூல் ஒன்று கேட்டார். டிராலியில் இல்லை. அறையில் இருந்த அலமாரியிலும் இல்லை. வராந்தாவைத் தாண்டி ஸ்டோருக்கு ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதுவரை டாக்டர் கசிவை விரலால் அழுத்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மௌனம் எனக்கு மறக்கவில்லை. மறுநாளிலிருந்து எந்த ஆபரேஷன் ஆனாலும் அந்த நூலில் இரண்டைப் பிரித்து வைத்துவிடுவேன். பல வருடம் அப்படியே செய்தேன். அதில் பெரும்பாலானவை நேராகக் குப்பைக்குப் போயின.

அந்த நூல் அறைக்குள்ளேயே, உறை பிரியாமல், கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் போதும். ஓடவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். இவ்வளவு எளிய விஷயம் எனக்குப் புரிய எத்தனையோ பாக்கெட் செலவாயிற்று.

இரண்டாவது காரணம் ஒரு காகிதம். பிரிஃபரன்ஸ் கார்டு என்பார்கள். இன்ன டாக்டர் இன்ன ஆபரேஷன் செய்தால் என்னென்ன சாமான் வேண்டும் என்ற பட்டியல். சில இடங்களில் கம்ப்யூட்டரில் இருக்கும், சில இடங்களில் சீனியர் சிஸ்டரின் நோட்டில் இருக்கும், சில இடங்களில் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். கல்யாண வீட்டுக்குச் சமையல்காரர் எழுதித் தரும் மளிகை லிஸ்ட் மாதிரி. அதில் எப்போதும் கொஞ்சம் கூடத்தான் எழுதுவார்கள், பந்தியில் குறைந்துவிடக் கூடாதே என்று. அதில் தப்பு இல்லை. மிஞ்சிய எண்ணெய் டின்னைச் சீல் உடைக்காமல் வைத்திருந்தால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார். எல்லா டின்னையும் விடிகாலையிலேயே உடைத்து வைத்தால்தான் நஷ்டம்.

கார்டில் ஒரு பொருள் ஏறுவது சுலபம். ஒரு நாள் டாக்டர் ஏதோ கேட்டு அது இல்லாமல் போனால், அன்றைக்கே எழுதிவிடுவோம். ஆனால் ஒரு பொருள் கார்டிலிருந்து இறங்குவதே இல்லை. டாக்டர் வேறு முறைக்கு மாறி மூன்று வருடம் ஆகியிருக்கும், பழைய முறையின் சாமான் இன்னும் பட்டியலில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த பெண் கார்டில் உள்ளபடி எல்லாவற்றையும் பிரித்து வைப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைத்தான் செய்கிறாள்.

இதற்கு மருந்தும் அந்தக் கார்டிலேயே இருக்கிறது. பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். ஒரு பக்கம் கட்டாயம் தேவைப்படுபவை, ஆரம்பத்திலேயே பிரிக்கலாம். மறுபக்கம் தேவைப்படலாம் என்பவை, அறைக்குள் இருக்க வேண்டும், கேட்டால்தான் பிரிக்க வேண்டும். எதை எந்தப் பக்கம் எழுதுவது என்று டாக்டரும் நர்ஸும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஸ்டோரில் இருப்பவர் மட்டும் செலவைக் குறைக்க வெட்டினால் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடும், ஏனென்றால் பயம் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று, விலை. பெரும்பாலான டாக்டர்களுக்குக் கையில் இருக்கும் ஸ்டேப்ளரின் (நூலுக்குப் பதில் பின் அடித்துத் தைக்கும் கருவி) விலை தெரியாது. எங்களுக்கும் பல சாமான்களுக்குத் தெரியாது. அதே சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் சில துறைகளின் டாக்டர்களுக்கு மாதம் ஒரு தாள் கொடுத்தார்கள். உங்கள் ஆபரேஷனுக்குச் சாமான் செலவு இவ்வளவு, இதே ஆபரேஷனைச் செய்யும் மற்றவர்களுக்கு இவ்வளவு என்று. செலவை 5 சதவீதம் குறைத்தால் துறைக்கு ஊக்கத்தொகை உண்டு என்றும் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுடைய செலவு 6.54 சதவீதம் இறங்கியது. தாள் வாங்காத துறைகளில் 7.42 சதவீதம் ஏறியது. 8 லட்சம் டாலருக்கு மேல் மிச்சம். நோயாளிகள் குணமாவதில் குறை எதுவும் வரவில்லை. யாரையும் யாரும் திட்டவில்லை, தெரியாமல் இருந்ததைத் தெரியப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

மொத்தமாகக் கட்டி வரும் கிட்

கம்பெனியிலிருந்தே ஒரு ஆபரேஷனுக்கு வேண்டியதை எல்லாம் ஒரே கட்டாகப் போட்டு அனுப்புவது உண்டு. நேரம் மிச்சம், ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். ஆனால் கட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது அத்தனையும் பிரிந்ததாகத்தான் அர்த்தம். நமக்குத் தேவையே இல்லாத ஒரு கிண்ணமோ கூடுதல் விரிப்போ ஒவ்வொரு முறையும் பிரிந்து ஒவ்வொரு முறையும் குப்பைக்குப் போகும். இருபது ஆபரேஷனுக்கு ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, தொடாமல் எறிந்தவற்றை மட்டும் குறித்து வந்தால் போதும், எதை எடுத்துவிடச் சொல்லி எழுதலாம் என்று தெரிந்துவிடும்.

சிறிய ஆபரேஷனுக்குப் பெரிய ஆபரேஷனின் விரிப்பெல்லாம் வேண்டுமா என்ற கேள்வியும் இங்கே வருகிறது. மணிக்கட்டில் நரம்பு நெருக்குவதைத் தளர்த்தும் கார்ப்பல் டனல் ஆபரேஷன் சில நிமிடங்களில் முடிகிற வேலை. கனடாவில் அதைப் பெரிய தியேட்டருக்குக் கொண்டுபோகாமல், சிறு சிகிச்சை அறையில், ஒரு சின்ன விரிப்பும் கையுறையும் முகக்கவசமும் மட்டும் வைத்து, கவுன்கூட இல்லாமல் செய்கிறார்கள். 1,504 ஆபரேஷன்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தோல் மட்டத்தில் தொற்று வந்தது 6 பேருக்கு. ஆழமான தொற்று ஒருவருக்கும் இல்லை.

தூக்கி எறிவதுதான் பாதுகாப்பா?

ஒரு முறை பயன்படுத்தி எறிவதுதான் நல்லது என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஊசி, சிரிஞ்ச் விஷயத்தில் அது முழு உண்மை. அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் எல்லாக் கருவிக்கும் அப்படிச் சொல்ல முடியாது. 2001இல் இங்கிலாந்தில் மாட்டு மூளை நோய் சார்ந்த ஒரு தொற்று கருவி மூலம் பரவுமோ என்ற அச்சத்தில், டான்சில் ஆபரேஷனுக்கு ஒரு முறை மட்டுமே பயன்படும் கருவிகளை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அந்தக் கருவிகளோடு செய்தபோது ஆபரேஷனுக்குப் பிந்தைய இரத்தப்போக்கு அதிகமானது. அதே வருடம் டிசம்பரில் பழையபடி திரும்பப் பயன்படுத்தும் கருவிகளுக்கே போய்விட்டார்கள்.

இதற்கு மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்கு வரலாம். டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் நடக்கும் முறையை வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உண்மையிலேயே தராசு வைத்துத்தான். ஒரு ஆபரேஷனுக்குச் சேர்ந்த குப்பை கால் கிலோ. அதனால் காற்றில் சேரும் கரிம வாயு சுமார் 6 கிலோ. பிரிட்டனில் இதே ஆபரேஷனுக்குக் கணக்கிட்ட கரிம அளவில் இது சுமார் இருபதில் ஒரு பங்கு. 2017இல் வெளிவந்த ஆய்வு இது.

எப்படி முடிகிறது? கருவிகளை ஆட்டோகிளேவ் செய்து செய்து சுழற்சியில் விடுகிறார்கள். ஒரு சொட்டு மருந்து பாட்டிலை ஒரே நோயாளியோடு எறியாமல் பலருக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் கவுன் மாற்றுவதில்லை. கையுறையை இடையிடையே கிருமிநாசினியால் சுத்தம் செய்துகொள்கிறார்கள். கேட்டால் பலருக்கும் திக்கென்று இருக்கும். தொற்று வராதா? அரவிந்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை அலசியபோது கண்ணுக்குள் தொற்று 0.07 சதவீதமாக இருந்தது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் செலுத்தத் தொடங்கிய பிறகு 0.02 சதவீதமாக இறங்கியது. எந்த நாட்டோடும் ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய எண் இது. மருந்து பாட்டில் விஷயத்தில் ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: அமெரிக்காவில் நான்கு கண் சிகிச்சை மையங்களில் கணக்கெடுத்தபோது கண்புரை ஆபரேஷனுக்கு எடுத்த மருந்தில் அளவால் 45 சதவீதம் பயன்படாமலே போயிருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் வயிற்று ஆபரேஷனில் கையுறையை மாற்றாமல் செய்யலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கண்புரையில் கீறல் சில மில்லிமீட்டர்தான், இரத்தம் அநேகமாக இல்லை, ஒரே மாதிரியான ஆபரேஷனைப் பழகிய அதே குழு நாள் முழுக்கச் செய்கிறது, தொற்று வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கணக்கும் வைக்கிறார்கள். நான் அங்கிருந்து எடுத்துக்கொள்வது அந்தக் கணக்கு வைக்கும் பழக்கத்தைத்தான். எது தேவை, எது வெறும் சடங்கு என்று அவர்களுக்கு எண்ணிலேயே தெரியும்.

அவசர கேஸுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. விபத்தில் அடிபட்டு வருபவர், பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போகிறவர், இவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கக் கூடாது. எல்லாவற்றையும் பிரித்து வைக்க வேண்டும். மிஞ்சினால் மிஞ்சட்டும். திட்டமிட்ட ஆபரேஷன்களில் மிச்சம் பிடிப்பது, இப்படிப்பட்ட நேரத்தில் கை தாராளமாக இருக்கத்தான்.

பிரித்தாயிற்று, இனி?

பிரித்து, பயன்படாமல் போனதைச் சேர்த்துவைத்து மறுபடி கிருமி நீக்கம் செய்து, தட்டுப்பாடு உள்ள நாடுகளுக்கு அனுப்பும் முயற்சிகள் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் டாக்டர் வில்லியம் ரோசன்பிளாட் 1991இல் ரெமடி என்ற அமைப்பை இதற்காகவே தொடங்கினார். நல்ல காரியம். ஆனாலும் பெறுகிறவர்களுக்கு உதவாத சாமான் போய்ச் சேர்ந்தால் அங்கே அது அவர்கள் தலையில் விழும் குப்பை. பிரிக்காமல் விட்டிருந்தால் இந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது.

அப்புறம், எந்தத் தொட்டியில் போடுகிறோம் என்பது. நம் நாட்டில் 2016இல் வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி, இரத்தம் தோய்ந்த பஞ்சும் திசுவும் மஞ்சள் பைக்கு, எரிப்பதற்கு. டியூப், கையுறை போன்றவை சிவப்புக்கு. ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடி நீலத்துக்கு. உறை, அட்டைப்பெட்டி இவற்றை நோயாளி மேசைக்கு வருவதற்கு முன்பே பிரித்திருப்போம். அதில் கிருமி எதுவும் இல்லை, சாதாரணக் குப்பைதான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் மருத்துவமனைக் குப்பையில் 85 சதவீதம் ஆபத்தில்லாத வகை. அவசரத்தில் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் திணித்தால் காகிதமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிகிறது. முதல் கீறலுக்கு முன்னால் சேர்ந்த உறைகளை ஒரு தனிப் பையில் கட்டி வெளியே வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நோயாளியின் வீட்டாருக்கும் ஒன்று. பல தனியார் மருத்துவமனைகளில் தியேட்டர் சாமான்களை பார்மசியிலிருந்து உங்கள் கணக்கில்தான் எடுப்பார்கள். பிரிக்காத சாமானை ரிட்டர்ன் போடும் வழக்கம் பெரும்பாலும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சமயத்தில் "தியேட்டர் ரிட்டர்ன் போட்டாச்சா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. எங்களுக்கும் அது நினைவூட்டல்.

எங்கள் குடலிறக்கக் கார்டை இப்போது இரண்டு பத்தியாக எழுதியிருக்கிறோம். குடல் பிதுங்கும் ஓட்டையை மூட வைக்கும் வலை எந்தப் பத்தியில் என்பதில்தான் விவாதம் நடந்தது. முன்பெல்லாம் கணிப்பில் ஒரு சைஸைப் பிரித்துவிடுவோம், உள்ளே பார்த்த பிறகு டாக்டர் இன்னொன்று கேட்பார். இப்போது இரண்டு பெட்டியும் சீலோடு ஜன்னல் பக்கத்து மேசையில் இருக்கும். போன வாரம் அப்படித்தான் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் தலையைத் தூக்காமலே, "பிரிக்க வேண்டாம் சிஸ்டர், பக்கத்தில் இருக்கட்டும். ஓட்டையைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். பத்து நிமிடம் கழித்து சின்னது கேட்டார். பெரிய பெட்டி ரிட்டர்ன் சீட்டோடு அன்று மாலையே பார்மசிக்குத் திரும்பிப் போனது.